சாட்சித் தட்டு

(பாரூரில் நடந்த நம் கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. மலருக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சு வழக்கு அங்கங்கே அப்படியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)



எனக்கு முன்னால் பேசியவர்கள் கடன், வட்டி, வங்கி இணைப்பு எல்லாம் பேசிட்டாங்க. சாப்பாட்டு நேரமும் நெருங்குது. சாம்பார் வாசனை எனக்கும் வருது. அதனால சுருக்கமா முடிக்கப் பார்க்கிறேன்.

"விஞ்ஞானம் பத்தி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் 22 வருஷம் ஒரு பட்டுப்புழு வித்தகத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவள். விஞ்ஞானிகள் என்ன கண்டுபிடித்தார்கள் என்பதைவிட, ஒன்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அந்த வேலையில்தான் எனக்குப் புரிந்தது. அதை எங்கள் வீட்டுக் கதையில் இருந்தே தொடங்குகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து பேசுகிற ஊர். வீட்டுக்குள்ளேயே புழு வளர்ப்போம். நடுக்கூடத்தில் மூங்கில் தட்டுகள், ஓரத்தில் சந்திரிகை, புழுவுக்குப் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் நாங்கள் படுப்போம். நான் எட்டாவது படிக்கும்போது தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணிக்குப் பத்தொன்பது வயது. வந்த முதல் வாரத்திலேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தழை வெட்டப் போனவர் அவர்.

மாசியில் புழு வைத்தோம். மூன்றாவது தோல் உரிப்பு வரைக்கும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் ஒரே தட்டில் ஒரு புழு பெரிசு, ஒரு புழு சிறிசு. தழை போட்டால் பாதிப் புழு ஏறவில்லை. நாலாவது உரிப்புக்குப் பிறகு தட்டுத் தட்டாகச் செத்தது. குழி வெட்டி மூடினோம். அந்த வருஷம் வாங்கிய கைமாற்றுக் கடன் தீர மூன்று வருஷம் ஆனது.

புழு செத்த அன்றைக்கு இராத்திரி யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பேச்சு ஆரம்பித்தது. "புதுசா வந்தவ தீட்டோட உள்ள போயிருக்கா." யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. சாயங்காலத்துக்குள் ஊரே சொன்னது. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினாலும் யார் கேட்டிருப்பார்கள்? நாலாம் நாள் அவரை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் அண்ணன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த பிறகும் புழு இருக்கிற கூடத்துக்குள் அவர் கால் வைக்க ரொம்ப நாள் விடவில்லை. எட்டாவது படிக்கிற நானும் அதை நம்பினேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பத்தாவது முடித்து, கல்யாணம் ஆகி இந்தப் பக்கம் வந்த பிறகு ஒரு வித்தகத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்தேன். வித்தகம் என்றால் பட்டுப்புழு முட்டை தயாரிக்கிற இடம். புழு வளர்க்கிற அக்காமாருக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்றேன். விதைக்கூட்டில் இருந்து அந்துப்பூச்சி வெளியே வரும். ஆணும் பெண்ணும் மூன்று, நான்கு மணி நேரம் சேர விடுவோம். பிறகு ஆணைப் பிரித்துவிட்டு, பெண் பூச்சியைத் தனியாக ஒரு அட்டையில் விட்டுக் குடுவை போல ஒன்றைக் கவிழ்த்து வைப்போம். மறுநாள் பார்த்தால் 400, 500 முட்டை போட்டிருக்கும்.

முட்டை போட்டு முடித்த தாய்ப் பூச்சியை என்ன செய்வோம் தெரியுமா? சின்னக் கல்வத்தில் போட்டு, பொட்டாசியம் கார்பனேட் கலந்த தண்ணீர் கொஞ்சம் விட்டு அரைப்போம். அதில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். அதில் அரிசி மணி மாதிரி, பளபளவென்று நீளுருண்டையாக ஏதாவது தெரிந்தால் அந்தப் பூச்சி போட்ட முட்டை முழுவதையும் எரித்துவிட வேண்டும். அந்த மணிகள் பெப்ரைன் நோயின் வித்துகள். விதை தயாரிப்பின் மேல்நிலையில் தாய்ப்பூச்சி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். விவசாயிக்குக் கொடுக்கிற முட்டைக்கு மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் வாங்குகிற அட்டையில் "நோயற்ற முட்டைத் தொகுதி" என்று இருக்கிறதே, அதற்குப் பின்னால் இந்த வேலைதான் இருக்கிறது.

முதல் தடவை அந்த மணிகளைப் பார்த்த அன்று எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த அலுவலர் அம்மா நோயின் அறிகுறிகளைச் சொன்னார். "புழு ஒரே சீரா வளராது. தழைக்கு ஏறாது. உடம்புல மிளகைப் பொடிச்சுத் தூவின மாதிரி கறுப்புப் பொட்டு வரும்." எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. எங்கள் கூடத்தின் தட்டுகளும், தலை குனிந்து நின்ற அண்ணியும்தான் கண் முன்னால் வந்தார்கள்.

இந்த முறையைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டேன். லூயி பாஸ்டர் என்றார். நமக்குத் தெரிந்த பெயர்தான். நாய்க்கடிக்கு ஊசி கண்டுபிடித்தவர். நம் குன்னூரில் 1907-ல் தொடங்கிய நிறுவனம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் நாய்க்கடி ஊசிக்கு இருபது வருஷம் முன்னால் அவர் பட்டுப்புழுவோடு ஐந்து வருஷம் மல்லுக்கட்டினார். அந்தக் கதைதான் நான் இன்று சொல்ல வந்தது.

பிரான்ஸ் நாட்டின் தெற்குப் பக்கம் முழுக்கப் பட்டு விவசாயம். 1853-ல் அங்கே சுமார் 2 கோடியே 60 லட்சம் கிலோ கூடு விளைந்தது. அப்புறம் புழு சாக ஆரம்பித்தது. 1865-ல் விளைச்சல் சுமார் 40 லட்சம் கிலோ. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. மிளகுப் பொட்டு மாதிரி இருப்பதால் அந்த ஊர்ப் பேச்சில் மிளகு என்கிற வார்த்தையில் இருந்துதான் பெப்ரைன் என்ற பெயரே வந்தது. காற்றுச் சரியில்லை என்றார்கள், தழை சரியில்லை என்றார்கள். ஆளுக்கு ஒரு மருந்து அடித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை.

1865 ஜூனில் அரசாங்கத்தின் சார்பில் அலேஸ் என்ற ஊருக்குப் பாஸ்டர் வந்தார். அவர் வேதியியல்காரர். பட்டுப்புழுவைத் தொட்டுப் பார்த்ததே கிடையாது. போகிற வழியில் ஃபாபர் என்கிற பூச்சி ஆராய்ச்சியாளர் வீட்டில் ஒரு கூட்டை வாங்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்கிறதே?" என்று கேட்டாராம். சிரிக்கிறீங்க. நம்ம வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடக் கூட்டுக்குள் என்ன இருக்கும் என்று தெரியும். ஆனால் பாருங்கள், தெரியாததைத் தெரியாது என்று வாய்விட்டுக் கேட்டதில் இருந்துதான் அவர் வேலை ஆரம்பித்தது.

முதலில் அவர் பார்த்தார். நோய்ப் புழுவின் உடம்பில் இந்த மணிகள் இருக்கும் என்பதை அவருக்கு முன்னாலேயே இத்தாலிக்காரர்கள் கண்டு சொல்லியிருந்தார்கள். அலேஸில் ஒரு வளர்ப்பில் புழு நல்லபடியாகக் கூடு கட்டி முடித்திருந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அந்தக் கூட்டில் இருந்து வந்த பூச்சியைப் பார்த்தால் உடம்பெல்லாம் மணி! அதாவது இந்தத் தடவை விளைச்சல் நல்ல விளைச்சல்தான். ஆனால் அந்தப் பூச்சி போடுகிற முட்டைக்குள் நோய் போய்விடும். அடுத்த தடவை புழு சாகும். சாகும்போது எல்லோரும் அன்றைய காற்றையும் அன்றைய தழையையும் பழிப்பார்கள். காரணமோ போன விளைச்சலின் தாயிடம் இருந்தது.

அதனால் அவர் ஒரு யூகம் வைத்தார். புழுவைப் பார்த்துப் பயன் இல்லை, தாய்ப் பூச்சியைப் பார்க்க வேண்டும். மணி இல்லாத தாயின் முட்டையை மட்டும் வைத்தால் நோய் வராது. யூகம் வைப்பது சுலபம். நம் தெருவில் ஆளுக்கு நாலு யூகம் வைத்திருக்கிறோம். பாஸ்டர் என்ன செய்தார் என்றால், தன் யூகம் தப்பாகப் போனால் ஊருக்கே தெரிகிற மாதிரி ஒரு காரியம் செய்தார். 1866-ல் 14 முட்டைத் தொகுதிகளின் தாய்ப் பூச்சிகளைப் பரிசோதித்தார். அடுத்த வருஷம் இந்த முட்டையில் வரும் புழு என்ன ஆகும், அந்த முட்டையில் வரும் புழு என்ன ஆகும் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதினார். கடிதத்தை மூடி முத்திரை வைத்து, ஊர் மேயரிடம் கொடுத்துவிட்டார். 1867-ல் வளர்ப்பு எல்லாம் முடிந்த பிறகு கடிதத்தைப் பிரித்தார்கள். 14-ல் 12 அவர் எழுதிய மாதிரியே இருந்தது. மற்ற இரண்டும் அழிந்துபோகும் என்று எழுதியிருந்தார், ஆனால் பாதி விளைச்சல் வந்திருந்தது.

நம்ம ஊரில் குறி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்து சொல்லி ஒன்று பலித்தால் அந்த ஒன்றைத்தான் ஊர் பேசும், ஒன்பது மறந்துபோகும். இங்கே தப்பான இரண்டும் சேர்த்து எழுதி வைக்கப்பட்டது. விஞ்ஞானம் என்றால் தப்பே வராது என்று நினைக்காதீர்கள். தப்பு வந்தால் அதை மறைக்க முடியாதபடி முன்கூட்டியே கட்டிப்போடுவதுதான் அதன் முறை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்போது பாஸ்டரே ஒரு விஷயத்தில் தப்பாக நினைத்திருந்தார். அந்த மணிகள் நோயின் அடையாளம்தான், நோயை உண்டாக்குவது அவை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நமக்குச் சூடு வந்தால் உதட்டில் கொப்புளம் வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவருடைய உதவியாளர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். பேசித் தீர்க்கவில்லை, சோதனை செய்துதான் தீர்த்தார்கள். முடிவில் பாஸ்டர் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரிய மனுஷன் எழுதிய எழுத்தைத் தானே அடித்து எழுதினார். மாமனார் சொன்னதை மாற்ற நம் வீட்டில் எத்தனை வருஷம் ஆகும், யோசித்துப் பாருங்கள்.

அவர் செய்த ஒரு சோதனையை மட்டும் விவரமாகச் சொல்றேன். 1868 ஏப்ரல் 16. நல்ல புழு 30 எடுத்தார். நோய்ப் புழு ஒன்றைத் தண்ணீரில் நசுக்கி, அந்தத் தண்ணீரைத் தழையில் தடவித் தின்னக் கொடுத்தார். 23-ஆம் தேதி வரை புழு நன்றாகவே இருந்தது. 25-ஆம் தேதி வெளியே பார்த்தால் நல்ல புழுதான், ஆனால் அறுத்துப் பார்த்தபோது இரண்டின் குடலில் மணி இருந்தது. 27-ஆம் தேதி பட்டு சுரக்கிற பை வரைக்கும் பரவிவிட்டது. 28-ஆம் தேதி மிச்சம் இருந்த 26 புழுவுக்கும் மிளகுப் பொட்டு. 30-ஆம் தேதி பார்த்தால் நோய்ப் புழு, நல்ல புழுவின் அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது.

நல்ல புழு என்றேனே, அது எங்கே இருந்து வந்தது? அங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. அந்த 30 புழுவோடு பிறந்த வேறு புழுக்களை, அந்தத் தண்ணீர் படாமல் பக்கத்திலேயே தனியாக வளர்த்தார். அதே முட்டை, அதே அறை, அதே ஆள். ஒரே ஒரு வித்தியாசம்தான். அப்படித் தனியாக வைக்கிற கூட்டத்துக்குப் பிரெஞ்சுப் பாஷையில் சாட்சி என்று பெயர். அதனால் நான் அதைச் சாட்சித் தட்டு என்று சொல்வேன். சாட்சித் தட்டு இல்லாவிட்டால் 30 புழு செத்தது வெயிலால் என்று ஒருவர் சொல்வார், தழையால் என்று ஒருவர் சொல்வார். பக்கத்தில் அதே வெயிலில் சாட்சி உயிரோடு இருந்தால் அந்தப் பேச்சுக்கு இடம் இல்லை.

உயிருள்ளவற்றில் இது ரொம்பவும் முக்கியம். இரும்பு எந்த ஊரிலும் ஒரே மாதிரி உருகும். ஓசூர் கம்பெனிகளில் வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகளைக் கேளுங்கள், ஒரு அச்சில் ஆயிரம் உருப்படி ஒரே அளவாக வரும் என்பார்கள். ஆனால் ஒரு தாய் போட்ட 400 முட்டையில் 400 புழுவும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்று தாங்கும், ஒன்று தாங்காது. அதனால் ஒரு புழுவை வைத்து, ஒரு ஆட்டை வைத்து, ஒரு மாமரத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது. பல உயிர் வேண்டும், பல தடவை வேண்டும், பக்கத்தில் சாட்சி வேண்டும். வேறொருவர் வேறு ஊரில் செய்தாலும் அதே பதில் வர வேண்டும்.

அப்படியும் பாஸ்டருக்கு ஒரு இடி விழுந்தது. மணி இல்லாத தாயின் முட்டையில் இருந்து வந்த புழுவும் சில இடங்களில் செத்தது. அதில் மணியே இல்லை! எதிர்ப்பவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் அந்தப் புழுக்களை விட்டுவிடவில்லை, அவற்றையும் ஆராய்ந்தார். இருந்தது ஒரு நோய் இல்லை, இரண்டு நோய் என்று தெரிந்தது. இரண்டாவது, உடம்பு தொளதொளவென்று ஆகிச் சாகிற நோய். நாம் ஃபிளாச்சரி என்று சொல்கிறோமே, அது. கணக்கில் இடித்த அந்தப் புழுக்கள்தான் புதிய உண்மையைக் காட்டிக்கொடுத்தன.

இந்த ஐந்து வருஷத்தில் அவர் வீட்டில் நடந்ததையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1865-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் இரண்டு வயது மகள் இறந்தாள். 1866-ல் பன்னிரண்டு வயது மகள் டைபாய்டில் இறந்தாள். 1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. வேலை நிற்கவில்லை. அவருடைய மனைவி மேரியும், மிச்சம் இருந்த மகளும் புழு வளர்த்தார்கள், தழை போட்டார்கள், பூச்சி பிரித்தார்கள். 1870-ல் வந்த புத்தகத்தில் பெயர் ஒருவருடையது. உழைப்பு யார் யாருடையது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அந்த மணியைப் பார்த்த பிறகு, அண்ணியிடம் ஓடிப் போய், "அண்ணி, அது பெப்ரைன், நீங்க காரணம் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும் என்று துடித்தேன். அதற்குக் காரணமும் இருந்தது. அந்த மாசியில் நாங்கள் வித்தகத்து முட்டை வாங்கவில்லை. அதற்கு முந்தின விளைச்சல் நன்றாக வந்ததே என்று, அதில் நல்ல கூடாகப் பொறுக்கி வைத்து, வீட்டிலேயே பூச்சி விட்டு முட்டை எடுத்தோம். காசு மிச்சம் என்று எங்கள் அப்பா செய்தது. பாஸ்டர் அலேஸில் பார்த்த அதே கதை.

அலுவலர் அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "செத்த புழுவில் ஒன்றையாவது யாராவது பார்த்தீங்களா?" இல்லை. எல்லாவற்றையும் குழியில் போட்டு மூடிவிட்டோம். "அப்படின்னா அது பெப்ரைன்தான்னு நீயும் சொல்ல முடியாது. இருக்கலாம்னு மட்டும்தான் சொல்லலாம்." எனக்குக் கோபமாக வந்தது. எனக்குப் பிடித்த பதில் அது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காக அது சாட்சி ஆகிவிடாது. ஊர் அண்ணி மேல் சோதிக்காமல் பழி போட்டது தப்பு என்றால், நானும் சோதிக்காமல் நோயின் மேல் போடக் கூடாது.

சரி, எதை உறுதியாகச் சொல்ல முடியும்? தீட்டுப் பட்டால் புழு சாகும் என்பதும் ஒரு யூகம்தான். அதை மேயரிடம் கொடுத்த கடிதம் மாதிரி வைத்துப் பார்ப்போம். அது நிஜம் என்றால் என்ன நடக்க வேண்டும்? வித்தகத்தில் எங்கள் கூட வேலை செய்தவர்களில் பெண்கள்தான் அதிகம். மாதத்தின் முப்பது நாளும் வேலைக்கு வருவோம். எந்த நாள் என்று யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. அந்தக் கைகள்தான் முட்டையைக் கழுவியது, புழுவைப் பிரித்தது. இளம்புழு மையங்களிலும் அப்படித்தான். தீட்டால் புழு சாகும் என்றால் ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு வித்தகத்திலும், ஒவ்வொரு சாக்கி மையத்திலும் புழு செத்திருக்க வேண்டும். 22 வருஷத்தில் நான் அப்படிப் பார்க்கவில்லை. முட்டை சுத்தமாக இருந்து, மருந்து அடித்த அறையில், கை கழுவி வேலை செய்தால் புழு கூடு கட்டியது. இது இல்லாவிட்டால் புழு செத்தது. யார் கை என்று அது பார்க்கவில்லை.

ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. நான் அந்த நாள்ல கூடத்துக்குள்ளயே போகலை. என்னை யாரு கேட்டீங்க?" என்றார்.

அன்று முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் உள்ளேயே போகவில்லை. ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மைக்ராஸ்கோப் வேண்டாம், பாஸ்டர் வேண்டாம். நடந்தது என்ன என்று கேட்பதுதான் விஞ்ஞானத்தின் முதல் படி. அந்த முதல் படியே எங்கள் வீட்டில் ஏறவில்லை. உண்மை தெரிந்த ஒருத்தி எங்கள் கூடவே இருந்தாள். அவள் சொன்னால் எடுபடாது என்பதால் அவள் சொல்லவில்லை. சாட்சித் தட்டின் அருமை எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. புதுசாக வந்த மருமகள் சொன்னாலும், பெரிய வீட்டு மாமியார் சொன்னாலும் அந்தத் தட்டு ஒன்றுதான் சொல்லும். பேச்சு எடுபடாதவர்களுக்கு அதைவிடப் பெரிய துணை இல்லை.

இப்படிச் சொல்வதால் பெரியவர்கள் சொன்னது எல்லாம் தப்பு என்று நினைக்க வேண்டாம். "வெளியாள் புழு வீட்டுக்குள்ள வரக் கூடாது, கால் கழுவாம வரக் கூடாது" என்று எங்கள் பாட்டி கத்துவார். அது முழுக்கச் சரி. நோய் காலிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு வரும். பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு எல்லாம் அதற்குத்தான். பாட்டி சொன்ன இரண்டில் ஒன்று சோதனையில் நின்றது, ஒன்று நிற்கவில்லை. எது நிற்கிறது என்று பார்த்துத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். படித்தவர்கள் சொல்வதற்கும் இதே விதிதான். பெப்ரைனை உண்டாக்கும் உயிரைப் புரோட்டோசோவா என்று பல காலம் புத்தகத்தில் எழுதினார்கள். பிறகு மரபணுவைப் பார்த்து, அது பூஞ்சை இனத்துக்கு நெருக்கம் என்று மாற்றினார்கள். பெயர் வைக்கிற இடம் மாறியது. தாய்ப் பூச்சியை அரைத்துப் பார்க்கிற முறை 150 வருஷத்துக்கு மேலாகியும் மாறவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு மேஜையில் அது திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுகிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1989-ல் தமிழ்நாட்டில் மகளிர் குழுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை. அதாவது நம் மண்ணில்தான் தொடங்கியது. அன்றிலிருந்து நாம் கற்றது என்ன? வாய்க்கணக்கு செல்லாது, நோட்டில் இருந்தால்தான் செல்லும். தீர்மானம் எழுதாமல் கடன் இல்லை. தப்பாக எழுதினால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுகிறோம். பாஸ்டர் செய்ததும் இந்த வேலைதான். பணத்துக்கு வைத்திருக்கிற ஒழுங்கைப் புழுவுக்கும், ஆட்டுக்கும், கோழிக்கும், ஏரி மீனுக்கும், மாந்தோப்புக்கும் வைக்கச் சொல்கிறேன். அவ்வளவுதான்.

நாலு காரியம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, நாள் கணக்கு. முட்டை எங்கே வாங்கியது, எந்தத் தேதி, தழை எந்தத் தோட்டம், மருந்து எப்போது அடித்தது, எத்தனை செத்தது. ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வையுங்கள்.

இரண்டு, சாட்சித் தட்டு. புதுசாக மருந்து, சத்து மாவு, டானிக் என்று யாராவது கொண்டுவந்தால் எல்லாத் தட்டிலும் போட்டுவிடாதீர்கள். பாதித் தட்டில் போடுங்கள், பாதியைப் பழையபடி விடுங்கள். ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். மருந்தும் மாற்றி, தழையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். பத்துப் பேர் ஒரு குழுவில் இருக்கிறோம், ஐந்து பேர் செய்து ஐந்து பேர் செய்யாமல் இருந்து பார்க்கலாமே. கூட்டமைப்புக்கு இருக்கிற பலம் இதுதான். தனி ஆளுக்கு இந்த வசதி கிடையாது.

மூன்று, செத்ததைப் புதைப்பதற்கு முன்னால் காட்டுங்கள். புழுவாக இருந்தால் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்துக்கு, ஆடு, கோழியாக இருந்தால் கால்நடை மருந்தகத்துக்கு. நாங்கள் குழியை மூடியபோது பதிலையும் சேர்த்து மூடிவிட்டோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

நாலாவது எனக்கு முக்கியமானது. தவணை கட்ட முடியாமல் ஒரு உறுப்பினர் வந்து நின்றால், புழு செத்துப்போச்சு, ஆடு செத்துப்போச்சு என்று சொன்னால், "அவளுக்கு ராசி இல்லை", "அந்த வீட்டுல மருமக வந்த நேரம்" என்று யாரும் கூட்டத்தில் பேசக் கூடாது. பேசினால் தலைவி நிறுத்த வேண்டும். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது? யார் பார்த்தது? பக்கத்து வீட்டுத் தட்டு எப்படி இருக்கிறது? அந்தப் பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். அடுத்த கடன் கொடுக்கும்போது அது உதவும்.

எங்கள் அண்ணி இப்போது ஊரில் தனி ஷெட் போட்டுப் புழு வளர்க்கிறார். இரண்டு மருமகள்கள் வந்துவிட்டார்கள். ஷெட் வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்ட சாக்கு ஒன்று நனைத்துப் போட்டிருக்கும். யார் போனாலும் அதில் கால் வைத்து, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அண்ணன் ஒரு நாள் அவசரத்தில் கழுவாமல் உள்ளே போகப் பார்த்தார். "இந்த ஷெட்டுல தீட்டு அதுதான், வெளிய வாங்க" என்று அண்ணி சத்தம் போட்டது தெருக்கோடி வரைக்கும் கேட்டதாம்.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார்.